உடும்பும் ஜிகினா மழையும்

ஒரு காட்டில் கரண்ட் இருந்தது.

காட்டுக்கு எதற்குக் கரண்ட் என்று கேட்காதீர்கள். சீரியல் பல்பு இல்லாமல் ஆந்தைகூடக் கல்யாணம் செய்வதில்லை என்று ஆகிவிட்ட காலம் அது. குரங்குகள் செல்போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடித்தான் கிளைக்குக் கிளை தாவின. மகாராஜா சிங்கம் மைக் இல்லாமல் கர்ஜிப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. மைக் இல்லாத கர்ஜனையில் கெத்து இல்லை என்று விழாக் குழு சொல்லிவிட்டதாம்.

இத்தனை கரண்டும் காட்டின் தெற்கு எல்லையில் இருந்த சப்-ஸ்டேஷன் வழியாகத்தான் வந்தது. அங்கே ஆபரேட்டர் வேலை பார்த்தது வீரபாகு என்ற உடும்பு. மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து, லாக் புக்கில் ‘எல்லாம் சரி’ என்று எழுதும். அப்படி எழுதுகிற வரைக்கும் வீரபாகு என்று ஒரு ஜீவன் இருப்பதே காட்டில் யாருக்கும் தெரியாது. கரண்ட் போனால் மட்டும் வீரபாகுவின் பெயர், அதன் அம்மா பெயர், பரம்பரை எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

இந்த வருடம் வீரபாகுவுக்குச் சொந்தக் கவலை ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதன் மனைவி சொர்ணம் பதினான்கு முட்டை இட்டிருந்தது. இதற்கு முன் இரண்டு முறை கறையான் புற்றில் இட்டு, மழைத் தண்ணீர் புகுந்து, ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. அதனால் இந்தத் தடவை காட்டு ஆஸ்பத்திரியில் படிவம் எழுதி, டோக்கன் வாங்கி, பொரிப்பகத்தில் வைத்திருந்தார்கள். பொரிப்பகம் என்றால் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ராப்பகலாகப் பல்பு எரியும், அந்தச் சூட்டில் முட்டை தானாகப் பொரிக்கும். பக்கத்துத் தட்டில் குளத்து வாத்து தாயம்மாவின் ஆறு முட்டைகள் இருந்தன. சாயங்காலமானால் சொர்ணமும் தாயம்மாவும் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கரண்ட் போனால் பொரிப்பகத்துக்கு ஒரு பேட்டரி உண்டு. சரியாக ஒரு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் முட்டை ஜில்லிட்டுவிடும் என்று கொக்கு டாக்டர் சொல்லியிருந்தது. வீரபாகுவுக்கு அந்த ஒரு மணி நேரம் மந்திரம் மாதிரி மனப்பாடம்.

அப்போதுதான் மகாராஜா அரியணை ஏறிய பத்தாம் ஆண்டு விழா வந்தது. மூன்று நாள் விடுமுறை. வீரபாகுவுக்கு மட்டும் இல்லை, அதுதான் வழக்கம்.

விழாக் குழுத் தலைவர் சிங்காரம் என்ற மயில். மினுங்குகிற எதைக் கண்டாலும் மயங்கி நிற்கிற பிறவி. இந்த வருடம் புதுமை வேண்டும் என்று நாளொன்றுக்கு இருநூறு ஜிகினாக் குழாய்கள் வரவழைத்திருந்தது. அடியைப் பிடித்துத் திருகினால் படாரென்று வெடித்து, வெள்ளி ஜிகினாத் தாளை நாடா நாடாக ஆகாயத்தில் கொட்டும். முதலில் ஆலமரத்தடியில் விடுவதாகத்தான் பேச்சு. ஆனால் காட்டில் எங்கே விட்டாலும் ஜிகினா மரத்திலேயே சிக்கிக்கொண்டது, மகாராஜா தலைமேல் விழவில்லை. மரமே இல்லாத இடம் ஒன்று வேண்டுமே என்று குழு கூடி யோசித்தது. அப்படி ஒரு இடம் காட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. கம்பிமேல் கிளை விழுந்து ஆபத்து வரக்கூடாது என்று மரத்தையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்த சப்-ஸ்டேஷன் மைதானம்.

மேடை போட வந்தபோதுதான் வீரபாகுவுக்கு விஷயமே தெரிந்தது. வேலியைத் தாண்டி ஓடிவந்தது.

“ஐயா, இங்க வேண்டாங்க. அந்த ஜிகினா பறந்து வந்து கம்பி மேல விழுந்தா அவ்வளவுதான். மொத்தமும் வெடிச்சிரும்.”

சிங்காரம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. “என்னய்யா வீரபாகு, காயிதத்துக்குப் போய் பயப்படுற?”

“காயிதம் இல்லைங்க. மேல வெள்ளி பூசியிருக்கு. கரண்டுக்கு அதுவும் ஒரு கம்பிதான். ரெண்டு கம்பிக்கு நடுவுல விழுந்தா பாலம் போட்டாப்புல ஆயிரும்.”

“கரண்ட் கம்பிக்குள்ளதானே போகணும்? வெளியில ஏன் வருது? உங்க கம்பி ஒழுகுதா?”

“ஒழுகலைங்க...”

“ஒழுகினா மொதல்ல அதை அடைய்யா. உன் வேலையை நீ பாரு, என் வேலையை நான் பாக்கேன்.” சிங்காரம் தோகையை ஒரு உதறு உதறிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டது.

வீரபாகு விடவில்லை. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்! செயற்பொறியாளர் தாண்டவராயனைப் பார்க்கப் போனது. தாண்டவராயன் ஒரு யானை. பெரிய பதவி, பெரிய நாற்காலி, காரியத்துக்கு மட்டும் உடம்பு அசையாது.

“விழா நேரத்துல அபசகுனமா பேசாதய்யா. எதுன்னாலும் எழுதிக் குடு” என்று ஒரு படிவத்தை நீட்டியது.

வீரபாகு எழுதியது. ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றது. ‘இவ்வகை விபத்து இதற்கு முன் இங்கு நடந்த தேதி’ என்று இருந்தது.

“இதுவரைக்கும் நடக்கலை ஐயா. நடந்துரக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்.”

“தேதி இல்லாம எப்படி வாங்கிக்கிறது? நடந்ததுக்கப்புறம் பூர்த்தி பண்ணிக் கொண்டா.”

“அப்ப ஒரு அரைமணி நேரம் லைனை ஆஃப் பண்ணிக்கிட உத்தரவு குடுங்க. ஜிகினா விடுற நேரம் மட்டும்.”

“மகாராஜா பேசுற நேரத்துல கரண்டை நிறுத்துறதா?” தாண்டவராயன் காதுகள் இரண்டும் நின்றுபோயின. “யோவ், எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் சர்வீஸ் இருக்கு. போய்ட்டு வா.”

முதல் நாள் சாயங்காலம். மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மகாராஜா மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்தார். குரங்குகள் ஆளுக்கு இரண்டு குழாயைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வரிசை கட்டி நின்றன. காற்று மேடைப் பக்கமிருந்து சப்-ஸ்டேஷன் பக்கமாக அடித்தது.

வீரபாகு தாண்டவராயனுக்குப் போன் போட்டது. அந்தப் பக்கம் மேளச் சத்தம். “அலோ... என்னது? கேக்கலை... சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு... வச்சிர்றேன்.”

இனி யாரைக் கேட்பது? ஆஃப் பண்ணினால் வேலை போகும். பண்ணாமல் விட்டால், ஜிகினா விழுந்தால், டிரான்ஸ்பார்மரே போகும். புது டிரான்ஸ்பார்மர் வர நாலு நாளாவது ஆகும். பேட்டரி ஒரு மணி நேரம். பதினான்கு முட்டை.

“என் அருமைக் குடிமக்களே” என்று மகாராஜா தொடங்கினார். குரங்குகள் குழாயின் அடியைப் பிடித்தன. வீரபாகு லைனை ஆஃப் பண்ணுகிற கைப்பிடியைப் பிடித்து இழுத்துவிட்டது.

காடு முழுக்க இருட்டு. மகாராஜாவின் கர்ஜனை மைக் இல்லாமல் பூனைச் சத்தமாக இறங்கிப்போனது. குரங்குகள் அதற்குள் திருகிவிட்டிருந்தன. படார் படாரென்று ஜிகினா மழை பொழிந்தது. ஆனால் வெளிச்சம் இல்லாத இடத்தில் ஜிகினாவும் ஒன்றுதான், சருகும் ஒன்றுதான். எதுவும் மினுங்கவில்லை. சிங்காரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதது.

வீரபாகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பத்தில் ஏறியது. கரண்ட் இல்லாத கம்பிகளின் மேல் மூன்று நாடாக்கள் கிடந்தன. அதில் ஒன்று இரண்டு கம்பிகளுக்கும் நடுவே அளந்து போட்டதுபோல் கிடந்தது. வீரபாகுவின் செதில் எல்லாம் சிலிர்த்துவிட்டது. மூன்றையும் எடுத்து ஒரு பையில் போட்டு, இறங்கிவந்து கரண்டை விட்டது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். ஆஸ்பத்திரிச் சாவி வைத்திருந்த நர்ஸுக்குப் போன் பண்ணிப் பார்க்கச் சொன்னது. முட்டையெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கிறதாம்.

சர்வீஸில் முதன்முறையாக வீரபாகுவுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது. நாளைக்குக் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டது, பாவம்.

கூப்பிட்டார்கள். காலையிலேயே அரசவையில் விசாரணை. மகாராஜா கோபத்தில் பிடரியைக்கூட வாராமல் உட்கார்ந்திருந்தார். வீரபாகு பையைத் திறந்து மூன்று நாடாவையும் காட்டியது.

“இது எங்கே கிடந்தது?” என்றார் மகாராஜா.

“கம்பி மேல மகாராஜா. இந்தா, இது சரியா ரெண்டு கம்பிக்கும் நடுவுல கெடந்துச்சு.”

“விழுந்ததா?”

“விழுந்துச்சு மகாராஜா.”

“விழுந்து, ஏதாவது ஆயிற்றா?”

“ஒண்ணும் ஆகலை. ஏன்னா, நான் முன்கூட்டியே...”

“ஒன்றும் ஆகவில்லை” என்று மகாராஜா தாண்டவராயனைத் திரும்பிப் பார்த்தார். “எழுதிக்கொள்.”

தாண்டவராயன் எழுதிக்கொண்டது. ‘ஜிகினாத் தாள் கம்பிமேல் நேரடியாக விழுந்தும் யாதொரு பாதிப்பும் இல்லை என்பது ஆபரேட்டரின் வாக்குமூலத்தாலேயே நிரூபணமாகிறது.’

“மகாராஜா, நான் ஆஃப் பண்ணினதாலதான் ஆகலை!”

“ஆஃப் பண்ணாட்டா ஆயிருக்கும்னு உன்னால நிரூபிக்க முடியுமா?” என்று கேட்டது சிங்காரம். “ஆகாத ஒண்ணைக் காட்டி எங்க விழாவைக் கெடுத்துட்டியேய்யா, நல்லா இருப்பியா நீ?”

அவையில் எல்லோரும் வீரபாகுவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அதன் கையில் ஒரு மெமோ கொடுக்கப்பட்டது. மகாராஜாவின் பேச்சைப் பாதியில் நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தது. இனி உத்தரவில்லாமல் கைப்பிடியைத் தொட்டால் டிஸ்மிஸ் என்றும், ஜிகினா பற்றிப் பொதுமக்களிடம் பீதி கிளப்பினால் சிறை என்றும் கீழே எழுதியிருந்தது. ஜிகினாவால் ஆபத்தில்லை என்பது சோதனையில் தெளிவாகிவிட்டதால், மூன்றாம் நாளுக்கு உள்ளதையும் சேர்த்து இன்றைக்குக் குழாய் இருநூறுக்குப் பதில் நானூறு என்று சிங்காரம் அறிவித்தது. அவை கைதட்டியது.

வீரபாகு வீட்டுக்கு வந்தது. சொர்ணம் மெமோவை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

“அப்ப இன்னைக்கு வெடிக்குமாங்க?”

“காத்து நேத்து மாதிரியே அடிக்குது. நானூறு குழாய். வெடிக்காம என்ன செய்யும்?”

“நம்ம முட்டையைக் கொண்டாந்திருவோம். இப்ப மழை இல்லை, வெயில்ல காய்ஞ்ச மணலு நல்லாக் கொதிக்குது. குவார்ட்டர்ஸ் பின்னாடி புதைச்சு வச்சாப் பொரிஞ்சிரும்.” சொர்ணம் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பியது. “தாயம்மா முட்டை?”

வீரபாகு மெமோவை மறுபடி மடித்தது.

“அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. கொண்டுபோயி அதுவே அடைகாத்துக்கிடும்.”

“தாயம்மாகிட்டச் சொன்னா குளம் பூராவும் சொன்ன மாதிரி. சாயங்காலத்துக்குள்ள என்னைப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க. அப்புறம் உனக்கும் பிள்ளைகளுக்கும் யாரு?”

சொர்ணம் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிற்பாடு பலநாள் நினைத்தது.

விடுமுறை நாளில் ஆஸ்பத்திரி கவுண்டர் மதியம் வரைக்கும்தான். வீரபாகு டிஸ்சார்ஜ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பதினான்கு முட்டையையும் வைக்கோல் பொதிந்த கூடையில் வாங்கிக்கொண்டது. திரும்பினால் கண்ணாடிப் பக்கத்தில் தாயம்மா நிற்கிறது.

“என்னண்ணே, அதுக்குள்ள எடுத்துட்டுப் போறீக? இன்னும் நாள் இருக்கே. மதினிக்கு ஒடம்புக்கு எதுவுமா?”

“இல்ல தாயம்மா. வீட்டுல... மணலு நல்லாச் சூடா இருக்கு. அதான்.”

“என் பிள்ளைக இங்கயே கெடக்கட்டும்ணே. ஆறுல ரெண்டு உள்ளுக்குள்ள கொத்துற சத்தம் கேக்குதாம், டாக்டரு சொன்னாக. நாளைக்கோ நாளான்னைக்கோ வந்துருமாம்.” தாயம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கரண்டுதான் நீங்க பாத்துக்கிடுதீகளே. எனக்கென்ன பயம்?”

வீரபாகுவின் நாக்கு நுனிவரை வார்த்தை வந்தது. உடும்புக்கு நாக்கு நீளம், வாய்க்கு வெளியேகூட வந்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

சப்-ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் வீரபாகு தீயணைப்புக்கென்று மாட்டியிருந்த நான்கு சிவப்பு வாளிகளையும் இறக்கியது. ஒன்றில் வெற்றிலை எச்சில், ஒன்றில் போன வருடத்துக் காலண்டர். எல்லாவற்றையும் கழுவிக் கழுத்துவரை மணலை நிரப்பிக் கதவோரம் வரிசையாக வைத்தது. லாக் புக்கில் ‘எல்லாம் சரி’ என்று எழுதியது. கைப்பிடிக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

பொழுது சாய்ந்தது. மகாராஜா மேடையேறினார். மைக் அருமையாக வேலை செய்தது. “என் அருமைக் குடிமக்களே! காகிதத்துக்கு அஞ்சும் காடல்ல நம் காடு!” என்று கர்ஜித்தார். கூட்டம் விசிலடித்தது. குரங்குகள் நானூறு குழாயையும் ஒன்றாகத் திருகின.

ஆகாயமே வெள்ளியாய்ப் போனது. சீரியல் பல்பு வெளிச்சத்தில் அத்தனை நாடாவும் மினுங்கிக்கொண்டே, ஆடிக்கொண்டே, காற்றோடு வேலியைத் தாண்டி உள்ளே வந்தன. வீரபாகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. மூடிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம் அடித்தது.

பட்டப்பகல்போல் ஒரு நீல வெளிச்சம். காது கிழிகிற சத்தம். கம்பிகளைத் தாங்கிய பீங்கான்கள் சிதறின. டிரான்ஸ்பார்மர் தலையில் தீப்பிழம்பு ஒரு பனை உயரம் எழும்பியது.

கூட்டம் கைதட்டியது. ஆமாம், கைதட்டியது. விழாவிலேயே இதுதான் பெரிய ஐட்டம் என்று நினைத்துவிட்டார்கள். “ஒன்ஸ் மோர்!” என்று கரடிகள் கத்தின. நிகழ்ச்சி நிரலில் இல்லையே என்று சிங்காரம் ஒரு கணம் திகைத்தது, பிறகு பாராட்டை ஏற்றுக்கொண்டு தோகையை விரித்தது. மகாராஜாவே எழுந்து நின்று கைதட்டினார். எண்ணெய் கருகும் நாற்றம் மேடைக்கு வந்து, ஒரு தீப்பொறி தோகையில் விழுந்த பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. அதன்பின் யார் யாரை மிதித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

புகைக்குள்ளிருந்து ஒரே ஒரு பிராணி எதிர்த்திசையில் ஓடியது. இரண்டு கையிலும் சிவப்பு வாளி. காய்ந்த புல்லில் தீ பரவுமுன் மணலைக் கொட்டியது. திரும்ப ஓடியது, அடுத்த வாளியைத் தூக்கியது. பத்து நிமிடத்தில் தீ அடங்கிவிட்டது. செய்தித்தாள் நிருபர் காகம் பதினேழு போட்டோ எடுத்தது.

கரண்ட் போன ஒரு மணி நேரத்தில் பொரிப்பகத்துப் பேட்டரி நின்றது. தாயம்மா விழாக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கதவு பூட்டியிருந்தது. விடுமுறை. சாவி நர்ஸிடம், நர்ஸ் எந்தத் திசையில் ஓடியதோ யாருக்கும் தெரியாது. ‘டிஸ்சார்ஜ் காலை பத்து மணிக்கு மேல்’ என்று பலகையில் எழுதியிருந்தது. தாயம்மா பொரிப்பகம் இருந்த பக்கமாக ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே, முட்டைத் தட்டு எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்தில், உடம்பைச் சுவரோடு ஒட்டவைத்து உட்கார்ந்தது. சுவரைத் தாண்டிச் சூடு போகாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். ஆறும் ஜில்லிட்டிருந்தன.

மூன்றாம் நாள் விழா ரத்தாகவில்லை. அதற்கு வீரவிழா என்று பெயர் மாற்றினார்கள். ஜிகினா நிரபராதி என்பது ஏற்கெனவே எழுத்தில் இருந்ததால், விபத்துக்குக் காரணம் கண் திருஷ்டி என்று தாண்டவராயன் அறிக்கை கொடுத்தது. சப்-ஸ்டேஷன் வாசலில் ஒரு பூசணிக்காய் கட்டித் தொங்கவிட உத்தரவானது. மகாராஜா, மைக் இல்லாததால் தொண்டை கட்டிய குரலில், “தன்னுயிரை மதியாது காட்டைக் காத்த மாவீரன்” என்று சொல்லி வீரபாகுவின் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார். பாதி தோகை கருகிய சிங்காரம் பொன்னாடை போர்த்தியது. மெமோவை வாங்கிக் கிழித்துப் போட்டார்கள்.

எட்டாம் நாள், குவார்ட்டர்ஸ் பின்னால் மணல் அசைந்தது. பதினான்கும் பொரித்தன, ஒன்றுகூடச் சோடை போகவில்லை. சொர்ணம் அழுதது. எதற்கு அழுதது என்று வீரபாகு கேட்கவில்லை.

அன்றைக்கே தாயம்மா குஞ்சு பார்க்க வந்தது, வெறுங்கையோடு வராமல் குளத்து அல்லிப்பூவில் ஒரு மாலை கட்டிக்கொண்டு.

“அன்னைக்கே போடணும்னு நெனச்சேன்ணே. என்னால எந்திரிக்க முடியலை” என்று மாலையை வீரபாகுவின் கழுத்தில், பதக்கத்தின் மேல் போட்டது. “நீங்க மட்டும் இல்லாட்டா காடே எரிஞ்சிருக்கும். என் ஆறு போனாப் போகுது, ஆயிரம் உசுரைக் காப்பாத்தினீகளே.”

குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சியது. பதினான்காவது குஞ்சைக் கீழே விடும்போது, வருத்தமோ சந்தேகமோ துளியும் இல்லாமல் கேட்டது:

“அன்னைக்குப் பாத்து உங்களுக்கு எடுக்கணும்னு எப்படிண்ணே தோணுச்சு?”

வீரபாகு மாலையைச் சரிசெய்துகொண்டது.

“எல்லாம் நேரந்தான், தாயம்மா.”

அந்த வம்சத்தில் வாத்து முட்டையைத் திருடித் தின்ற உடும்புகளைக் காட்டார் கல்லால் அடித்திருக்கிறார்கள். வாத்து முட்டையைத் தொடாமலே தொலைத்த உடும்புக்குத்தான் முதன்முதலில் மாலை விழுந்தது.

நீதி: ஆபத்தைத் தடுப்பவன் விழாவைக் கெடுத்தவன். ஆகவே காட்டில் பெயரெடுக்க விரும்புவோர் முதலில் தம் முட்டையை எடுத்துக்கொண்டு, வாளியில் மணலை நிரப்பி, வெடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.